கவுன்ட் என்னும் ஒற்றை எண்: ஆண் கருவளம் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆண்களின் குழந்தையின்மை பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் எட்டினை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கடிதங்களில் பெயர் இல்லை. இருந்தவற்றிலும் பெயரை நீக்கிவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். நேரில் பார்க்காத ஒருவருக்கு மருந்து சொல்வது முறையன்று என்பதால், சிறுநீரியல் துறையில் நடந்துள்ள ஆய்வுகள் உங்கள் கேள்விக்கு என்ன சொல்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவிக்கு ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை, லேப்ராஸ்கோப்பி எல்லாம் முடிந்துவிட்டன. இப்போதுதான் என்னைச் சிறுநீரியல் மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். எனக்குச் சிறுநீர்க் கோளாறு எதுவும் இல்லையே?
வாசகர், திண்டுக்கல்

பதில்: சிறுநீரும் விந்தும் ஆணின் உடலிலிருந்து ஒரே வழியாகத்தான் வெளியேறுகின்றன. அதனால் விரை, விந்துக்குழாய், புராஸ்டேட் ஆகியவற்றின் நோய்களும் சிறுநீரியல் மருத்துவரின் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தன. அதற்குள் ஆண் கருவளத்தைத் தனியாகப் படிக்கும் பிரிவை ஆண்ட்ராலஜி என்கிறோம். ஆகவே சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான்கு ஆண்டுகள் தாமதித்து அனுப்பியதுதான் தவறு. குழந்தையில்லாத் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. மனைவிக்கு மயக்கம் கொடுத்து வயிற்றில் துளையிட்டுப் பார்த்த பிறகு கணவரிடம் ஒரு சிறு குப்பியை நீட்டும் வழக்கத்தை எந்த ஆய்வும் ஆதரிக்கவில்லை. இருவரையும் ஒரே வாரத்தில் சோதிக்கத் தொடங்குவதே முறை. குழந்தைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கருவளத்துக்காகப் பரிசோதிக்கப்பட்ட ஆண்களிடம் விரைப் புற்றுநோயும், பிட்யூட்டரிக் கட்டியும், அதுவரை தெரியாமலிருந்த நீரிழிவும் வெளிப்பட்டதுண்டு.

கேள்வி: ஒரு லேபில் கவுன்ட் 14 மில்லியன் என்று வந்தது. ஆறு வாரம் கழித்து வேறொரு லேபில் 31 மில்லியன் என்கிறார்கள். முதல் அறிக்கையைப் பார்த்து என் தாயார் அழுதே விட்டார். எது உண்மை?
வாசகர், ஈரோடு

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கவுன்ட் என்பது ஒரு மில்லி லிட்டர் விந்தில் உள்ள விந்தணுக்களின் எண்ணிக்கை. முதலில் எண்ணும் முறையைச் சொல்கிறேன். விந்து வெளிவந்தவுடன் கெட்டியாக இருக்கும். சுமார் அரை மணி நேரத்தில் அது நீர்த்த பிறகே எண்ண முடியும். நன்றாகக் கலக்கி, அளவாக நீர்க்கச் செய்து, பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள, கட்டம் கட்டமாகக் கோடு கீறிய கண்ணாடிப் பலகையில் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு, ஒரே மாதிரியில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 200 விந்தணுக்களை எண்ணச் சொல்கிறது. மொத்தம் 400 எண்ணினால் கணிதப்படி வரும் பிழை 5 சதவீதம். 25 எண்ணியதும் நிறுத்திவிட்டால் அதுவே 20 சதவீதமாகிவிடும். அவசரமான லேபில் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது மாதிரி. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் விந்து வெளியேறாமல் இருந்து கொடுக்க வேண்டும். முதலில் வெளிவரும் சில துளிகளில்தான் விந்தணு மிகுதி. கூச்சத்திலும் பதற்றத்திலும் அதைக் குப்பிக்கு வெளியே விட்டவர்கள் பலர், சொல்ல வெட்கப்பட்டு மீதியைக் கொடுத்துவிட்டு வருவார்கள். அறிக்கை தவறாகாமல் என்ன செய்யும்? மூன்றாவது, காலம். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும் என்று 1960-களில் ஹெல்லர், கிளெர்மோன்ட் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. அதன்பின் விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்னும் சுருள்குழாயில் அது முதிர்ச்சியடைய இரண்டு வாரம் வரை ஆகும். இன்றைய அறிக்கை மூன்று மாதத்துக்கு முந்தைய உங்கள் உடல்நிலையைத்தான் காட்டுகிறது. அந்த நாட்களில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதுவே போதுமான காரணம்.

இனி, அந்த எல்லைக்கோடு. 2021-இல் வந்த கையேட்டின் ஆறாம் பதிப்பு, ஒரு மில்லி லிட்டருக்கு 16 மில்லியன் என்பதைக் கீழ் எல்லையாகக் குறிப்பிடுகிறது. பன்னிரண்டு நாடுகளில், மனைவி ஓராண்டுக்குள் கருவுற்ற 3,500-க்கும் மேற்பட்ட ஆண்களின் விந்தைச் சோதித்து, அவர்களைக் கவுன்ட்டின் வரிசையில் நிறுத்தி, கடைசி ஐந்து சதவீதம் பேரைப் பிரிக்கும் இடத்தில் போட்ட கோடு அது. அதாவது இயல்பாகத் தந்தையானவர்களிலேயே இருபதில் ஒருவர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார். 14 என்பதற்காக உங்கள் தாயார் அழவேண்டியதில்லை. 31 என்பதற்காக நீங்கள் நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். எண்ணிக்கையோடு நீந்தும் திறனையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை சோதிப்பதானால், இடையில் மூன்று மாதம் விட்டு, இந்த முறைகளைக் கடைப்பிடிக்கும் ஒரே லேபில் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு அசூஸ்பெர்மியா, அதாவது விந்தில் அணுவே இல்லை என்று மூன்று முறை சோதித்துச் சொல்லிவிட்டார்கள். தானமாகப் பெற்ற விந்தணு ஒன்றே வழி என்கிறார் ஒருவர். 'மைக்ரோ டீசே' என்னும் அறுவை செய்து விரைக்குள் அணுவைத் தேடிப் பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
வாசகர், திருநெல்வேலி

பதில்: விந்தில் அணு இல்லை என்பதும் விரையில் அணு இல்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். இந்த வேறுபாட்டைக் கண்டறிவதில்தான் எங்கள் துறையின் கடந்த ஐம்பது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது. உற்பத்தி சரியாக இருந்து வழி அடைபட்டிருக்கலாம். வழி திறந்திருந்து உற்பத்தியே நலிந்திருக்கலாம். முதலாவதைப் பெரும்பாலும் கத்தியின்றியே கண்டுபிடித்துவிடலாம். விந்தின் அளவு மிகக் குறைந்து, அமிலத்தன்மையோடு, அதில் ஃப்ரக்டோஸ் என்னும் சர்க்கரையும் இல்லாதிருந்தால் விந்துப்பையிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை என்று பொருள். மருத்துவர் விரல்களால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும், சிலருக்கு விந்துக்குழாய் பிறவியிலேயே இருப்பதில்லை. அவர்களுக்கு சி.எஃப்.டி.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். இருவரிடமும் அது இருந்தால் குழந்தைக்குப் பரம்பரை நோய் வரக்கூடும் என்பதால் மனைவிக்கும் அந்தச் சோதனையைச் செய்தாக வேண்டும். விரையின் அளவைப் பார்க்க எங்கள் மேசையில் ஒரு மணிமாலை இருக்கும். சூரிக் நகர மருத்துவர் பிராடர் உருவாக்கியது. 1 மில்லி லிட்டரிலிருந்து 25 மில்லி லிட்டர் வரை படிப்படியாகப் பருக்கும் பன்னிரண்டு மணிகள். ஒரு கையில் மணியையும் மறு கையில் விரையையும் வைத்து ஒப்பிடுவோம். ஸ்கேன் வந்த பிறகும் அந்த மாலை ஓய்வு பெறவில்லை. விரை சிறுத்து, விரையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ரத்தத்தில் உயர்ந்திருந்தால் உற்பத்திக் கோளாறு என்ற முடிவுக்கு வருகிறோம்.

உங்கள் கடிதத்தோடு இணைத்த அறிக்கையின்படி நீங்கள் இந்த இரண்டாம் வகையில் இருப்பதாகத் தெரிகிறது. 1990-களின் தொடக்கம்வரை இவர்களுக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. அப்போது இரண்டு மாற்றங்கள் நடந்தன. பிரஸ்ஸல்ஸ் நகரில் இத்தாலிய மருத்துவர் ஜான்பியரோ பலெர்மோ, கருமுட்டையின் வெளியுறைக்கு அடியில் விந்தணுவை வைக்கும் முயற்சியில் இருந்தபோது, ஊசி தவறி ஒரு விந்தணு முட்டைக்குள்ளேயே போய்விட்டது. அந்த முட்டை கருவானது. 1992-இல் வெளியான அந்த முறைதான் இன்று எல்லோரும் சொல்லும் இக்சி. ஒரு முட்டைக்கு ஓர் அணு போதும் என்றானதும், அந்த ஓர் அணுவை விரைக்குள் எங்கே தேடுவது என்ற கேள்வி சிறுநீரியல் மருத்துவர்களிடம் வந்தது.

விரைக்குள் சில நூறு மீட்டர் நீளத்துக்கு நுண்குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் அளவே தடிமன். உற்பத்தி நின்றுபோன விரையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குழாய்கள் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். ஊசியால் குத்தியோ கண்ணை மூடிக்கொண்டு துண்டெடுத்தோ பார்த்தால் அவை அகப்படுவது நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பீட்டர் ஷ்லெகல், விரையை அகலத் திறந்து, 15 முதல் 25 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பின் கீழ் குழாய்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். அணுக்கள் உள்ள குழாய் சற்றுப் பருத்தும் வெண்மையாகவும் இருக்கும். வெறுங்குழாய் நூலாக மெலிந்திருக்கும். பருத்ததை மட்டும் எடுத்து, பக்கத்து மேசையில் காத்திருக்கும் கருவியலாளரிடம் கொடுத்தார். நீங்கள் கேட்ட மைக்ரோ டீசே இதுதான். பழைய முறையில் 45 சதவீதமாக இருந்த வெற்றி 63 சதவீதமானது என்று 1999-இல் எழுதினார். எடுத்த திசுவின் அளவும் பல மடங்கு குறைந்தது. அது ஒரு சிறிய குழுவில் கிடைத்த எண். பொதுவாகப் பாதிப் பேரிடம் அணு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது நியாயமாக இருக்கும். சில நேரங்களில் மணிக்கணக்கில் குனிந்து தேடியும் வெறுங்கையோடு எழுந்திருப்போம். அறுவைக்கு முன்பே இதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் கத்திக்குப் போகுமுன் கேட்க வேண்டியது குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோம் சோதனையும் செய்தாயிற்றா என்பதைத்தான். 1976-இல் இத்தாலியில் டியெபோலோ, ஸுஃபார்டி இருவரும் 1,170 ஆண்களைச் சோதித்து, ஆறு பேரிடம் ஒய் குரோமோசோமின் ஒரு துண்டு காணாமற்போயிருப்பதைக் கண்டார்கள். ஆறு பேருக்கும் விந்தணு இல்லை. பிறகு அந்தப் பகுதியை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஏ அல்லது பி பகுதி முழுவதுமாக இல்லாதவருக்கு எவ்வளவு தேடினாலும் அணு கிடைப்பதில்லை. அவரை அறுவை மேசையில் கிடத்துவது வீண் வேதனை. சி பகுதி மட்டும் இல்லாதவருக்கு நல்ல வாய்ப்புண்டு, ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். இந்தச் சோதனையின் முடிவு வரும்வரை உங்கள் இரு மருத்துவர்களில் யார் சொல்வது சரி என்று என்னால் சொல்ல முடியாது, அவர்களாலும் முடியாது.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இடது விதைப்பையில் நரம்பு சுருண்டிருக்கிறது, வேரிகோசீல், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் குழந்தை பிறக்காது என்கிறார்கள். இது ஓதமா?
தாயார் ஒருவர், காரைக்குடி

பதில்: அம்மா, இது ஓதம் அல்ல. ஓதத்தில் நீர் சேரும். வேரிகோசீலில் ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் புடைத்துக்கொள்கின்றன, காலில் சிலருக்குப் புடைப்பதுபோல. இடது விரையின் சிரை வலப்புறத்ததைவிட நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேருகிறது. ஆதலால் பெரும்பாலும் இடப்பக்கமே வரும். ரத்தம் தேங்கும்போது விரையின் சூடு கூடுகிறது, உற்பத்தி பாதிக்கப்படலாம். 'லாம்' என்பதை அழுத்திப் படியுங்கள். எல்லா ஆண்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, அவர்களில் பெரும்பாலானவர்கள் தந்தையாகிறார்கள். குழந்தையில்லா ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் பேரிடம் காணப்படுவதால்தான் இவ்வளவு கவனம். 1950-களில் எடின்பரோ நகர அறுவை மருத்துவர் செல்பி டல்லோக், விந்தணுவே இல்லாதிருந்த ஒருவருக்கு இதைச் சரிசெய்த பின் அணு தோன்றி, அவர் தந்தையானதை எழுதினார். அறுவைகள் பெருகியது அதன் பிறகே. இடது விரை வலதைவிடத் தெளிவாகச் சிறுத்திருந்தாலோ, விந்துப் பரிசோதனை மாறுபட்டிருந்தாலோ, வலி இருந்தாலோ அறுவையைப் பற்றிப் பேசலாம். ஸ்கேனில் மட்டும் தெரிந்து கைக்கு அகப்படாத வேரிகோசீலுக்குக் கத்தி வேண்டியதில்லை. செய்வதென்று முடிவானால், தமனியையும் நிணநாளங்களையும் காப்பாற்றும் மைக்ராஸ்கோப் முறையில் செய்வார்களா என்று கேளுங்கள். நிணநாளத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டால், நீங்கள் பயப்படும் ஓதம் அப்போதுதான் வரும்.

கேள்வி: ஜிம்மில் ஆறு மாதமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டேன். ஆண்மை கூடும் ஊசி என்றுதானே சொன்னார்கள்? கவுன்ட் பூஜ்யமாகிவிட்டது.
வாசகர், சென்னை

பதில்: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், உடலில் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எண்ணிக்கொண்டு, விரையை வேலை வாங்கும் இரு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்திருக்கும்போதே விரைக்குள் அது வறண்டுபோகும். 1990-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு முற்றிலும் நின்றது. அந்த ஆய்வின் நோக்கமே கருத்தடை! நீங்கள் காசு கொடுத்து வாங்கியதும் அதைத்தான். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாக, உற்பத்தி திரும்புகிறது. ஒரே நாளில் நிறுத்தினால் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரக்கூடும் என்பதால் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

கேள்வி: துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைக்கு மாதம் ஆயிரக்கணக்கில் செலவாகிறது. பயன் உண்டா?
வாசகர், சேலம்

பதில்: இந்த இரண்டையும் பற்றி நல்ல விடை இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதிகளில் ஆண்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதம் இந்த மாத்திரையும் மறு பாதிக்கு அதுபோலத் தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2020-இல் வந்த முடிவு: மாத்திரை சாப்பிட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. மாத்திரைக் குழுவில் விந்தணுவின் டி.என்.ஏ. சிதைவு சற்று அதிகமாகவும் இருந்தது. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வார்ப்பாலையில் உலைக்கு முன்னால் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் மூன்று பேருக்குக் குழந்தை இல்லை. சூடுதான் காரணமா? உலகம் முழுவதுமே கவுன்ட் குறைகிறது என்கிறார்களே?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விரை உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே சூடுதான், உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் அது சரியாக உற்பத்தி செய்யும். 2005-இல் நியூயார்க் மாநிலத்தில் 29 இளைஞர்களை ஒரு மணி நேரம் மடியில் லேப்டாப்பை வைத்து உட்காரச் சொன்னபோதே விதைப்பையின் சூடு 2.6 டிகிரிக்கு மேல் கூடியது. உலை அதைவிடப் பெரியது. எனினும் மூன்று பேர் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். மூவரும் விந்துப் பரிசோதனை செய்தார்களா, மனைவியரின் நிலை என்ன என்று பார்க்காமல் பழியை உலைமேல் போட முடியாது. சூட்டின் பாதிப்பு பெரும்பாலும் மீளக்கூடியது; மூன்று நான்கு மாதம் வேறு பிரிவில் வேலை கேட்டுப் பெற்று, மறுபடி சோதித்துப் பாருங்கள்.

ஆனால் பக்கத்து ஆளைப் பார்த்து நீங்கள் கேட்ட கேள்வியைச் சாதாரணமாக நினைக்க மாட்டேன். 1977-இல் கலிபோர்னியாவின் லேத்ரப் ஊரில், மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் பூச்சிக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களில் எவருக்குமே குழந்தை பிறக்கவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தொழிற்சங்கம் வற்புறுத்திச் சோதிக்க வைத்தது. பலருக்கு விந்தணு இல்லை அல்லது மிகக் குறைவு. எலிகளின் விரையை அந்த மருந்து சுருக்குகிறது என்று 1961-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருந்தும் யாரும் தொழிலாளியிடம் சொல்லவில்லை. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவில் அதன் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன. உங்கள் ஆலையில் சூட்டோடு ஈயப் புகையும் உண்டா என்று பாருங்கள். ஈயம் விந்தணுவுக்குத் தீங்கு செய்வது. ரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்கலாம்.

உலகக் கணக்கைப் பொறுத்தவரை, வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 1973-க்கும் 2011-க்கும் இடையே விந்தணுச் செறிவு பாதிக்கும் கீழாகிவிட்டது என்று 2017-இல் லெவின் என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். பழைய லேபுகள் எண்ணிய விதமும், யார் மாதிரி கொடுக்க முன்வந்தார்கள் என்பதும் வேறுபடுவதால் சர்ச்சை ஓயவில்லை. நான் இதைப் புறந்தள்ளவும் மாட்டேன், இதைக் காட்டி எவரையும் அச்சுறுத்தவும் மாட்டேன்.

கேள்வி: 11 ஆண்டுகளுக்கு முன் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டேன். சென்ற ஆண்டு ஒரே மகனை விபத்தில் இழந்தோம். மீண்டும் இணைக்க முடியுமா?
வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரும்போது 2004 நினைவுக்கு வருகிறது. சுனாமியில் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு மறுஇணைப்பு அறுவை செய்ய அரசே உதவியது. அப்போது வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். ஆண்களுக்கும் இது முடியும், பெண்ணைவிட எளிது.

வெட்டப்பட்ட விந்துக்குழாயின் உட்துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இரு முனைகளையும் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால், மைக்ராஸ்கோப்பின் கீழ், சுற்றிலும் தைத்து இணைக்கிறோம். தைக்கும் முன் விரைப் பக்கத்து முனையிலிருந்து கசியும் திரவத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்போம். அது தெளிவாக இருந்தாலோ, அதில் அணுக்கள் தெரிந்தாலோ நேராக இணைத்துவிடலாம். பற்பசைபோலக் கெட்டியாக, அணுவின்றி வந்தால் ஆண்டுக்கணக்கான அழுத்தத்தில் எபிடிடைமிஸில் இன்னோர் அடைப்பு உண்டாகிவிட்டது என்று பொருள். அப்போது குழாயை எபிடிடைமிஸோடு இணைக்கும் கடினமான அறுவைக்கு அங்கேயே மாற வேண்டியிருக்கும். இரண்டையும் செய்யத் தெரிந்தவரிடம்தான் போகவேண்டும்.

1991-இல் அமெரிக்காவில் 1,469 ஆண்களைப் பற்றி வெளியான ஆய்வு இன்றும் எங்களுக்கு வழிகாட்டி. கருத்தடை செய்து மூன்று ஆண்டுக்குள் இணைத்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தில் அணு திரும்பியது, 76 சதவீதம் பேரின் மனைவியர் கருவுற்றார்கள். ஒன்பது முதல் 14 ஆண்டு ஆனவர்களிடம், அதாவது உங்கள் பிரிவில், இவை 79, 44 சதவீதம். ஆனால் உங்கள் கடிதத்தில் மனைவியின் வயது இல்லை, அந்த எண்தான் முக்கியம். இணைத்த பின் அணு திரும்பவும் கரு தங்கவும் ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தால் காத்திருக்கலாம். நாற்பதை நெருங்கினால், எபிடிடைமிஸிலிருந்து ஊசியால் அணுவை எடுத்து இக்சி செய்வது காலத்தை மிச்சப்படுத்தும். முதல் சந்திப்புக்கே இருவரும் சேர்ந்து போங்கள். பழைய அறுவையின் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.